ஆர் எழுத்து வரும்வரை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஆங்கில மொழியிலுள்ள ‘வெரி’ என்ற சொல் எங்கள் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, தேநீருக்குச் சற்று முன்பாக, ஒழிக்கப்பட்டது. இனிமேல் யாரும் ‘வெரி சாட்’ ஆக முடியாது. ‘வெரி ஹேப்பி’ ஆகவும் முடியாது. ஒருவர் ஆங்கிலத்தில் வருந்த விரும்பினால் அதற்குரிய செறிவான சொல்லைத் தேடிப் பிடித்து அதன் வழியாகத்தான் வருந்த வேண்டும். மனித குல வரலாற்றில் இது எவ்வளவு பெரிய திருப்பம் என்பதைப் பதிப்பாசிரியர் நாற்காலிமேல் ஏறி நிற்காத குறையாக எங்களுக்கு விளக்கினார். விளக்கி முடித்ததும் தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு ‘வெரி ஹாட்’ என்றார். யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு வேலை வேண்டியிருந்தது.

நான் அந்தப் பதிப்பகத்தில் உதவி ஆசிரியர். பதிப்பகம் என்றதும் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உங்கள் நினைவுக்கு வந்தால் அவற்றை அழித்துவிடுங்கள். கீழே அச்சுக்கூடம், மேலே நாங்கள். எந்திரம் ஓடினால் எங்கள் மேசைகள் நடுங்கும். எந்திரம் நின்றால் நாங்கள் நடுங்குவோம். பைண்டிங் பசையின் வாடை சட்டையோடு ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். தேர்வு எழுதுகிறவர்களுக்கான கையேடுகள்தான் எங்கள் சரக்கு.

மேல் அறையில் மூன்று பேர். பதிப்பாசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் பேரகராதி. கனம் அதிகம், உயரமான இடத்தில் இருப்பார், யாரும் திறந்து பார்த்ததில்லை. இரண்டாவது, மெய்ப்புத் திருத்தும் அம்மாள். அடுத்தவர் பிழையில் பிழைப்பவர். பென்சிலைப் பல்லில் கடித்தபடியே பேசுவார். மூன்றாவது நான்.

‘வெரி’யை ஒழித்த கையோடு பேரகராதி ஒரு நூலை அறிவித்தார். மனித உணர்ச்சிகளைத் துல்லியமாகச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள், ஏ முதல் இசட் வரை. ஒவ்வொன்றுக்கும் பொருள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். சொற்களையும் பொருள்களையும் வேறு அகராதிகளிலிருந்து அவரே அரும்பாடுபட்டுப் பெயர்த்து எடுத்துவிட்டார். வாக்கியங்கள் என் பொறுப்பு. அட்டையில் அவர் பெயர். உள்ளே எங்கும் என் பெயர் கிடையாது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. இருந்திருந்தால் அதற்குரிய சொல் எனக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் எரிச்சல் இருந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளாக அந்த அறையில் நான் எழுதிய எதையும் அவர் முழுசாகப் படித்ததே இல்லை. முதல் வரியைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், தாளை என் பக்கம் தள்ளுவார். இந்த நூலுக்கும் அதே சடங்குதான் நடந்தது. ‘க்ரெஸ்ட்ஃபாலன்’ என்று ஒரு சொல். எதிர்பார்த்தது கிடைக்காமல் முகம் தொங்கிப்போவது என்று பொருள். பேனா தொலைந்ததால் பையனின் முகம் தொங்கிப்போயிற்று என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்.

“என்னய்யா இது? இங்க பையன் பேனாவத் தொலைக்கிறான். அடுத்த பக்கத்துல கொடையத் தொலைக்கிறான். அதுக்கடுத்து நாய்க்குட்டியத் தொலைக்கிறான். ஏன்யா, இவனுக்கு வேற பொழப்பே இல்லையா?”

“எடுத்துக்காட்டுதானே சார்.”

“நீ எதையும் எடுக்கவும் இல்ல, காட்டவும் இல்ல. ஒரு மனுஷன் மொகம் தொங்கிப்போறத என்னைக்காவது நேர்ல பாத்திருக்கியா?”

“ஒரு கண்ணாடி குடுங்க சார், இப்பவே பாத்துக்குவாரு,” என்றார் மெய்ப்பு அம்மாள், தலையைத் தூக்காமலே.

பேரகராதி அதை ரசிக்கவில்லை. விரலை நீட்டி, “கண்ணால பாரு. பாத்தத எழுது. அப்பத்தான் அதுல உயிர் இருக்கும்,” என்றார்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். யோசனை என்னுடையதல்ல. நான் சொந்தமாக யோசித்து எதையும் செய்கிற ஆள் அல்ல. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வேன், அவ்வளவுதான்.

முதலில் வெறுமனே பார்க்கத்தான் போனேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்தேன். உங்களில் யாராவது ஒரு சொல்லுக்காக நாயாய் அலைந்திருந்தால் என் நிலைமை விளங்கும். மக்கள் முகத்தைப் பூட்டிச் சாவியை எங்கேயோ வைத்துவிடுகிறார்கள். அறுவை சிகிச்சை அறையின் வாசலில் நின்ற ஒருவர் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையோடு அழுதுகொண்டிருந்த பெண் நான் அருகே போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு “டோக்கன் எங்க வாங்கணும் சார்?” என்று என்னையே கேட்டாள். உணர்ச்சிகள் தேவையான நேரத்தில் தேவையான வரிசையில் கிடைப்பதில்லை. ஏ எழுத்தே தாண்டவில்லை. கடிகாரம் ஓடியது, பேரகராதி உதட்டைப் பிதுக்கினார்.

ஆகவே கொஞ்சம் உதவி செய்ய வேண்டியதாயிற்று.

‘அகாஸ்ட்’ என்பது அதிர்ச்சியில் வாயடைத்துப்போவது. ஒரு காலை மெய்ப்பு அம்மாளிடம், அவர் திருத்திக் கொடுத்த கணக்குக் கையேட்டில் விடைகள் எல்லாம் ஓர் எண் தள்ளி அச்சாகிவிட்டதாகவும், கடைகளுக்குப் போய்விட்டதாகவும் சொன்னேன். அவர் வாயிலிருந்த பென்சில் விழுந்து மேசைமேல் உருண்டு விளிம்புவரை போனது. அது விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. உதடுகள் பென்சிலைப் பிடித்த அதே வடிவத்தில் இருந்தன. நான் அதை அப்படியே வாக்கியமாக்கினேன். பிறகு விளையாட்டுக்குச் சொன்னேன் என்றேன். “உங்க விளையாட்டுல இடி விழ,” என்றார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பேரகராதி அந்த வாக்கியத்தைப் படித்தார். முழுசாகப் படித்தார். மறுபடி படித்தார்.

“யோவ், இதுல உயிர் இருக்குய்யா,” என்றார்.

எத்தனையோ வருஷத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நான் அன்று வீட்டுக்கு நடந்தே போனேன்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று அறை, ஒரு பால்கனி. என் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். காலையில் போனால் மாலையில்தான் வருவாள். மாமனார் எங்களோடுதான் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் நடத்துனர். சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் போதும், “உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் காலியா இருக்கு” என்று குரல் கொடுப்பார். என்னை மாப்ளே, மாப்ளே என்பார். சிலருக்கு முகம் கதவு. மாமனாருக்கு ஜன்னல், அதுவும் திரைச்சீலை இல்லாத ஜன்னல். பசித்தால் தெரியும், பொய் சொன்னால் தெரியும், அடுத்த வீட்டுக்காரரைப் பிடிக்கவில்லை என்றால் தெருவுக்கே தெரியும். இப்படி ஒரு முகத்தைக் கூடத்திலேயே வைத்துக்கொண்டு நான் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

வீட்டிலிருந்து எழுதினால் நன்றாக வருகிறது என்று சொல்லி மதியங்களில் வீட்டுக்கு வர அனுமதி வாங்கினேன்.

பி எழுத்தில் ‘பிவில்டர்ட்’. ஒன்றும் புரியாமல் குழம்பித் தவிப்பது. மாமனார் நேரம் தவறாதவர். வாழ்நாளெல்லாம் நேர அட்டவணைப்படி விசில் ஊதியவர். கூடத்துக் கடிகாரத்தை ஒரு நாள் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன், மறுநாள் கொஞ்சம் பின்னால். மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து கடிகாரத்தையும் வெயிலையும் மாறி மாறிப் பார்ப்பார். மூன்றாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, “மாப்ளே, நான் சரியாத்தான இருக்கேன்?” என்றார். “உங்களுக்கென்ன மாமா, கல்லு மாதிரி இருக்கீங்க,” என்றேன். வாக்கியம் முடிந்த அன்றே கடிகாரத்தைச் சரியாக வைத்துவிட்டேன். தேவைக்கு மேல் எதையும் நான் செய்ததில்லை. என் மனைவிதான் பயந்துபோய் அவரை மூளை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அது அவள் சுபாவம்.

சி எழுத்தில், பேனா தொலைத்த பையனுக்கு ஓய்வு கொடுத்தேன். பணிமனையில் பழைய நடத்துனர்கள், ஓட்டுநர்கள் எல்லாரும் கூடுவதாக ஒரு ஞாயிறு ஏற்பாடாகியிருந்தது. கூட்டிப்போகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். சட்டையை அவரே தேய்த்து, பித்தளை விசிலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, விடிந்ததிலிருந்து தயாராக இருந்தார். கிளம்பும் நேரத்தில் கூட்டம் ரத்து என்று சொன்னேன். முகம் உண்மையிலேயே தொங்குகிறது. கன்னம் இரண்டும் கீழே இறங்குகின்றன. இதை எந்த அகராதியும் சொல்லவில்லை. “போகுது போங்க, அந்தக் கெழடுங்கள பாத்து என்ன ஆகப்போவுது,” என்று சட்டையைக் கழற்றினார். விசிலை மட்டும் பையிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்.

பேரகராதி அந்தப் பக்கத்தை மெய்ப்பு அம்மாளிடம் வாசித்தே காட்டினார். “பாரும்மா, சொன்னேன்ல. நான் சொல்லிக் குடுத்ததுக்கப்புறம் ஆளு எப்படி எழுதறான் பாரு.”

“நீங்க சொல்லிக் குடுத்தா கழுதகூட கவி பாடும் சார்,” என்றார் அவர். பேரகராதி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

டி எழுத்தில் இருக்கும்போதுதான் அந்தத் தொலைபேசி வந்தது.

மாமனாருக்கு ஒரு மகன் உண்டு. என் மனைவியின் தம்பி. படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பல் சமையலறையில் சேரப்போகிறேன் என்று வந்து நின்றபோது, மாமனார் தெருவே கேட்க, “இந்த வாசப்படிய மிதிச்ச, எனக்குப் புள்ளையே இல்ல” என்று சொல்லிவிட்டார். அவனும் மிதிக்கவில்லை. பல ஆண்டுகள் ஆயிற்று. வீட்டில் அவன் பேச்சே கிடையாது. ஆனால் வாசல் மணி அடித்தால் முழங்கால் வலியோடு முதலில் எழுவது மாமனார்தான். யாரோ விற்பனைக்காரர் நிற்பார். மாமனார் அவரைக் காரணமில்லாமல் திட்டிவிட்டு வந்து உட்காருவார்.

மைத்துனன் அலுவலக எண்ணுக்குப் பேசினான். எந்திரச் சத்தத்தில் நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

“அத்தான், நான்தான். கரையில வேல கெடச்சுருச்சு. இனி கப்பல் இல்ல. அப்பாவ ஒருதரம் பாக்கணும்.”

“வாயேன்.”

“பயமா இருக்கு அத்தான். மொகத்துல முழிக்காதன்னு சொல்லிட்டார்னா தாங்கமாட்டேன். அக்காகிட்ட சொன்னா அழுது ஊரைக் கூட்டிருவா. நீங்கதான் நெதானமான ஆளு. அவரு மனசு எப்படி இருக்குன்னு பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க வான்னா வர்றேன்.”

நிதானமான ஆள் என்று அவன் சொன்னது சரிதான். வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். நான் யோசித்தேன். என் மேசைமேல் ‘டெஸ்பாண்டன்ட்’ கிடந்தது. நம்பிக்கை விட்டுப்போதல் என்று பொருள். அப்பனும் மகனும் இத்தனை வருஷம் கழித்துச் சந்திப்பது என்பது ஒருவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கிடைக்கிற முகம். அதைப் போய் டி எழுத்தில் விட முடியுமா? ஆர் எழுத்தில் ‘ரேப்சரஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. தன்னை மறந்த பேரானந்தம். அதற்கு ஒரு வாக்கியமும் என்னிடம் இல்லை. உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

“அப்பாவுக்கு இன்னும் கோவம் ஆறல தம்பி. பொறு. நான் சொல்றப்ப வா,” என்றேன்.

“சரி அத்தான்,” என்றான். குரல் உடைந்திருந்தது. தொலைபேசியில் முகம் தெரியாது. அது ஒரு குறை.

வரட்டும், பார்த்து நினைவில் வைத்துக்கொண்டு ஆர் எழுத்து வரும்போது எழுதலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதை நினைத்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் அவன் வந்துவிட்டால் நடுவிலுள்ள எழுத்துகள் என்ன ஆவது? மகன் வந்துவிட்ட வீட்டில் யார் ஏங்குவார்கள்? யார் வாசலைப் பார்ப்பார்கள்? ஒரு சொல்லுக்காகப் பத்துச் சொல்லை இழப்பது நிர்வாகம் அல்ல.

அதற்குப் பிறகு வேலை சீராக ஓடியது. மகனின் பேச்சை நானே ஒருநாள் எடுத்து, அவன் போன கப்பல் எங்கேயோ சிக்கலில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றேன். டி முடிந்தது. அடுத்த வாரம், இல்லை, அவன் நலமாக இருக்கிறான், கரையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார் என்றேன். ஈ எழுத்தில் ‘இலேட்டட்’ என்றால் மனம் பொங்கி மேலே எழுதல். மனிதர் எழுந்தே விட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நல்லா இருக்கானா? தின்னானாமா? கறுத்துட்டானாமா?” என்று கேட்டார். அன்று மாலை என் மனைவி வந்ததும், “உள்ள வா, உள்ள வா, முன்னாடி எடம் இருக்கு” என்று வாசலிலேயே கத்தினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குச் சொன்னதும் அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். அவள் முகத்தை உபரியாகக் குறித்துக்கொண்டேன்.

எஃப் எழுத்துக்கு ‘ஃபர்லார்ன்’. கைவிடப்பட்ட தனிமை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவன் வந்தாலும் வரலாம் என்றேன். வருவான் என்று சொல்லவில்லை, வரலாம் என்றுதான் சொன்னேன். இந்த வித்தியாசம் முக்கியம். மாமனார் பஸ் நிலையத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் எதிரே தேநீர்க் கடையில். ஒவ்வொரு பஸ் வந்தபோதும் எழுந்து கடைசி ஆள் இறங்கும்வரை நின்றார். ஆட்கள் இறங்கிய பிறகும், நடத்துனருக்குரிய பழக்கத்தில், படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்து யாராவது தூங்கிவிட்டார்களா என்று பார்த்தார். அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு மெய்ப்பு அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“இது யாரு?” என்றார்.

“எடுத்துக்காட்டு,” என்றேன்.

ஹெச் எழுத்தில், ‘ஹோப்ஃபுல்’ என்ற சொல்லுக்காக, மறுபடி நம்பிக்கை கொடுத்தேன். நடுவில் மருத்துவர் வேறு, பெரியவருக்கு இதயம் களைத்திருக்கிறது, சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அந்த அறிவுரை ஹெச் எழுத்தோடு பொருந்தி வந்தது. ஆனால் ஹெச்சுக்கு அடுத்தது ஐ. ‘இன்கன்ஸோலபிள்’ அங்கேதான் இருக்கிறது. யார் தேற்றியும் தேறாத அழுகை. கரையில் பார்த்தது வேறொரு பையனாம், ஆள் மாறிவிட்டதாம் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது, அதையும் பதிவு செய்கிறேன். நான் கல் அல்ல. ஆங்கில நெடுங்கணக்கில் ஐ எழுத்தை எங்கே வைக்க வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

மைத்துனன் வாரத்துக்கு ஒருமுறை பேசினான். “அத்தான், இப்ப?” என்பான். “பொறு,” என்பேன். ஒருநாள், “அப்பா என்னப் பத்திக் கேக்கவே மாட்டேங்கறாரா அத்தான்?” என்றான். ‘கே’ எழுத்தில் இருந்தேன். அங்கே உருப்படியான சொல்லே இல்லை, எரிச்சல் வேறு. “எங்க கேக்கறாரு,” என்றேன்.

எம் எழுத்துக்கு வந்தபோது மாமனார் பால்கனி நாற்காலியிலிருந்து எழுவது குறைந்துபோயிற்று. மெலன்கலி, அதாவது மனத்தில் படிந்துவிட்ட துயரம், அதற்கு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தானே கிடைத்தது. கால் வீங்கியது. படியேறினால் மூச்சு வாங்கியது. என் மனைவி விடுப்பு எடுத்துப் பக்கத்திலேயே இருந்தாள். நான் பயந்துவிட்டேன். பயந்தேன் என்பதற்குச் சாட்சி உண்டு. நேரே பேரகராதியிடம் போனேன்.

“சார், ஆர் எழுத்த மட்டும் முன்னாடி முடிச்சுக்கலாமா? கைவசம் ஒரு நல்ல வாக்கியம் இருக்கு. வெச்சிருந்தா கெட்டுரும்.”

“வாக்கியம் எப்படிய்யா கெடும்? அது என்ன பாலா?”

“ஆளு வயசானவரு சார்.”

“எந்த ஆளு? யோவ், அகரவரிசைன்னா அகரவரிசை. இன்னைக்கு ஆர் முன்னாடி வந்தா நாளைக்கு இசட் வந்து வாசல்ல நிக்கும். ‘எம்’ முடிச்சியா? ‘என்’ எடு. ஒழுங்கு இல்லாதவன் மொழிக்குத் துரோகி.” இதைச் சொல்லிவிட்டு, தான் சொன்னது நன்றாக இருந்ததால், அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

மெய்ப்பு அம்மாள் பென்சிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்: “சார், அவரு யாரோ ஒரு பெரியவரப் பத்திச் சொல்றாரு. கொஞ்சம் கேளுங்களேன்.”

“பெரியவர்னா என்ன, பி-ல போடச் சொல்லு,” என்றார் பேரகராதி.

நான் என் இடத்துக்கு வந்து ‘என்’ எழுத்தை எடுத்தேன். அவர் சொன்னதை மீறி மைத்துனனுக்கு அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். அப்படிச் செய்திருந்தால் அந்த முகம் கிடைத்திருக்கும். ஆனால் ஓ எழுத்தும் பி எழுத்தும் வெறுமையாகப் போயிருக்கும். வேகமாக எழுதிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வேகமாகவே எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு உழைத்ததில்லை. மாமனாருக்காகத்தான் உழைத்தேன்.

ஓவுக்கு அடுத்த பி எழுத்தில் ‘பைனிங்’. ஒருவரை நினைத்து ஏங்கி உருக்குலைதல். நான் தாளோடு மாமனார் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“மாப்ளே, எப்பப் பாத்தாலும் எதையோ எழுதிட்டே இருக்கீங்களே, என்னது?”

“உங்களப் பத்திதான் மாமா.”

“என்னப் பத்தியா?” சிரித்தார். மூச்சு இரைத்தது. “புஸ்தகத்துல வருமா?”

“வரும்.”

“அப்ப அந்தச் சீப்ப எடுங்க,” என்றார். எடுத்துக் கொடுத்தேன். வகிடு எடுத்துச் சீவிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். “அவன் எங்கயாச்சும் படிச்சாலும் படிப்பான்,” என்றார்.

அதை வைத்து நான் எழுதியது நல்ல வாக்கியம். நூலிலேயே அதுதான் சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

மறுநாள் மைத்துனனுக்குத் தொலைபேசி போட்டு, “கிளம்பு தம்பி, அப்பா மனசு மாறிட்டாரு” என்று நானே சொன்னேன். இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அழைத்தது நான். அவன் வேலை பார்த்த ஊரிலிருந்து வந்து சேர ஆன நேரத்தில், ஒரு முற்பகலில், வெயில் பால்கனிக்கு வருவதற்கு முன், மாமனார் அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். என் மேசையில் க்யூ எழுத்து திறந்திருந்தது. க்யூ எவ்வளவு சின்ன எழுத்து என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு மூன்று சொல்லுக்குமேல் கிடையாது. ஆர் எழுத்துக்கும் அவருக்கும் நடுவே அந்தக் க்யூ மட்டும்தான் இருந்தது. அன்று எனக்கு வந்த எரிச்சலை வார்த்தையில் சொல்ல முடியாது.

எல்லாம் முடிந்து வாடகை நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தபோது மைத்துனன் வந்து சேர்ந்தான். கையில் ஒரு பெட்டி. தலை முன்புறம் வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. வாசல் மணியை அடித்துவிட்டு, படியை மிதிக்காமல் வெளியிலேயே நின்றான்.

“அப்பா எங்கக்கா?” என்றான்.

என் மனைவி சொன்னாள். அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். “அத்தான் பொறு பொறுன்னாரே,” என்றான். “எத்தனை மாசமா கேக்கறேன். அப்பா என்னப் பத்திக் கேக்கவே மாட்டேங்கறார்னாரே.”

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். அந்த முகத்துக்கு என்னிடம் சொல் இல்லை. ஏ முதல் க்யூ வரை எழுதியவன் நான். மீதி எழுத்துகளின் சொற்களும் மனப்பாடம். கோபம் அல்ல. வெறுப்பும் அல்ல, வெறுப்புக்குப் பதினோரு சொல் வைத்திருக்கிறேன், ஒன்றும் பொருந்தவில்லை. பல வருஷம் கூடவே வாழ்ந்த ஒருத்தி, தெருவில் கிடக்கும் எதையோ அது என்னவென்று தெரியாமல் பார்ப்பதுபோல் பார்த்தாள். வாசல் பக்கம் நிழலாக இருந்தது.

“கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா,” என்றேன்.

அவள் வரவில்லை. “உனக்கு என்ன வேணும்?” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் நீ என்று சொன்னதில்லை.

அன்றே இருவரும் போய்விட்டார்கள். மைத்துனன் மட்டும் போகும்முன், “ஏன் அத்தான்?” என்று கேட்டான். இவ்வளவும் அந்தக் கேள்விக்கான பதில்தான். ஆம், நான்தான் செய்தேன். அவன் வரும் வழியை மறித்தது நான். கரையில் பார்த்தது அவன் இல்லை என்று இவரிடமும், இவர் கேட்கவில்லை என்று அவனிடமும் சொன்னது நான். ஆனால் ஒன்றை அவர்கள் யோசிக்க மறுக்கிறார்கள். எத்தனையோ பேர் பெற்ற பிள்ளைகளைப் பார்க்காமலே போகிறார்கள், அவர்களைப் பற்றி ஒரு வரியும் எங்கும் மிஞ்சுவதில்லை. மாமனார் அப்படிப் போகவில்லை. எழுத்துக்கு எழுத்து அவர் இருக்கிறார். ஊர் ஊராகப் பிள்ளைகள் அவர் முகத்தை வைத்துத்தான் ஆங்கிலத்தில் துக்கப்படக் கற்றுக்கொள்வார்கள். புத்தகம் வந்ததும் முதல் பிரதியை என் மனைவிக்கு அனுப்ப வேண்டும், எஃப் எழுத்தில் ஓர் அடையாளம் வைத்து. படித்தால் அவளுக்குப் புரியும் என்றுதான் இத்தனை நாள் பொறுமையாக இருந்தேன்.

நேற்றுப் புத்தகம் வந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் அளவு. பேரகராதி பக்கங்களை விசிறிபோல விரித்துக் காட்டினார். “எக்ஸாம்ல மீனிங் மட்டுந்தான்யா கேக்கறான்,” என்றார்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களை எடுத்துவிட்டார்கள்.